கன்யாஸ்ரீ கணக்கு எங்கே இடிக்கிறது?

2017 ஜூனில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த ஐ.நா. பொதுச்சேவை விருது விழாவில் மேற்கு வங்க அரசின் கன்யாஸ்ரீ திட்டம் முதல் பரிசு வாங்கியது. 2013இல் தொடங்கிய திட்டம் அது. 13 முதல் 18 வயதுக்குள் இருக்கும் பெண்பிள்ளை பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்து, கல்யாணமும் ஆகாமல் இருந்தால் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை. 18 முடிந்த பிறகும் படிப்பைத் தொடர்ந்து, மணமாகாமலும் இருந்தால் ஒரே தடவையாக 25,000 ரூபாய். பணம் அப்பா கைக்கோ அண்ணன் கைக்கோ போகாது. அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குப் போகும்.

இரண்டு ஆண்டு கழித்து, 2019இல், தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுக்காக மேற்கு வங்கத்தில் வீடு வீடாகப் போய் விசாரித்தார்கள். அப்போது 20 முதல் 24 வயதுக்குள் இருந்த பெண்களில் எத்தனை பேருக்கு 18க்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது என்பது அதில் ஒரு கேள்வி. விடை 41.6 விழுக்காடு. அதற்கு முந்தைய நான்காவது சுற்றிலும் 41.6தான். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இலக்கம்கூட நகரவில்லை. நாடு முழுவதற்கும் எடுத்தால் அந்த அளவு 23.3, தமிழ்நாட்டில் 12.8.

விருதும் நிஜம், எண்ணும் நிஜம். இப்படி இரண்டும் ஒன்றோடொன்று முட்டும் இடத்தில்தான் சமூகக் கொள்கை என்ற பாடத்துக்கு வேலை தொடங்குகிறது. ஆளுங்கட்சி விருதைத் தூக்கிக் காட்டும், எதிர்க்கட்சி 41.6ஐத் தூக்கிக் காட்டும். இந்தப் பாடம் படிக்கும் மாணவர் அந்தச் சண்டைக்குள் போவதற்கு முன் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட வேண்டும். 2019இல் 20 முதல் 24 வயதில் இருந்தவர்கள், திட்டம் வந்த 2013இல் ஏறத்தாழ 14 முதல் 18 வயதில் இருந்தவர்கள். மூத்தவர்களுக்குத் திட்டம் வந்தபோதே காலம் கடந்துவிட்டது. இளையவர்களுக்குத்தான் முழுப் பயன் கிடைத்திருக்க முடியும். ஆகவே இந்த ஓர் எண்ணை வைத்துத் திட்டம் தோற்றது என்று தீர்ப்பு எழுதுவது அவசரம். ஜெயித்தது என்று எழுதவும் அதில் எதுவும் இல்லை. தவிர, மாநிலம் முழுவதும் ஒரே சமயத்தில் தொடங்கிய திட்டம் இது. திட்டம் வராத ஊரோடு வந்த ஊரை ஒப்பிட வழியில்லை.

அடுத்தது நிபந்தனை. பணம் வாங்க இரண்டும் வேண்டும்: படிக்கவும் வேண்டும், மணமாகாமலும் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட பெண்ணுக்குத்தான் கல்யாணப் பேச்சு முதலில் வரும். அவள் இந்தத் திட்டத்தின் வாசலுக்கே வரமாட்டாள். ஏற்கெனவே படிப்பைத் தொடர இருந்தவளுக்கு அது கூடுதல் உதவி. எவளுக்கு அவசியமோ அவள் வெளியே. நிபந்தனையோடு பணம் தரும் எல்லாத் திட்டங்களுக்கும், அது பிரேசிலாக இருந்தாலும் வங்கமாக இருந்தாலும், இந்தச் சிக்கல் உண்டு.

பிறகு மாவட்டக் கணக்கு. கிழக்கு மேதினிபூர் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மேற்கு வங்கத்திலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம், சுமார் 87 விழுக்காடு. கொல்கத்தாவைவிட அதிகம். ஆனால் குடும்பநல ஆய்வின்படி 18க்கு முந்தைய திருமணம் அங்கே 57 விழுக்காட்டுக்கும் மேல். படிப்பு வந்தால் இளவயதுத் திருமணம் தானாகப் போய்விடும் என்று நாம் எல்லோரும் மேடையில் பேசியிருக்கிறோம். மேதினிபூர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. வரதட்சணை வயதோடு ஏறுகிறதா? பள்ளி முடித்த பெண்ணுக்கு உள்ளூரில் வேலை இருக்கிறதா? பெற்றோர் முடித்துவைக்கும் கல்யாணம் எவ்வளவு, பிள்ளைகள் தாமே வீட்டைவிட்டுப் போய்ச் செய்துகொள்வது எவ்வளவு? ஒவ்வொரு கேள்விக்கும் மருந்து வேறு. பணம் கொடுப்பது இவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் பொருந்தும்.

இதே மாநிலம் 2018இல் ரூபஸ்ரீ என்று இன்னொரு திட்டம் கொண்டுவந்தது. ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு 18 வயது நிறைந்து கல்யாணம் நடந்தால் 25,000 ரூபாய். கல்யாணச் செலவுக்குக் கந்துவட்டியில் விழும் குடும்பத்தைக் காப்பாற்றத்தான் என்கிறது அரசு, நியாயமான கவலை. ஆனாலும் 18 வயதுப் பெண்ணின் முன்னால் ஒரே தொகை இரண்டு முறை வைக்கப்படுகிறது: படித்தால் 25,000, கட்டிக்கொண்டால் 25,000. தமிழ்நாடு இதே கேள்வியை எதிர்த்திசையில் கடந்தது. 1989இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம் படிப்பை நிபந்தனையாக வைத்துக் கல்யாணத்துக்குப் பணம் தந்தது, பின்னாளில் தாலிக்குத் தங்கமும் தந்தது. 2022இல் அதையே புதுமைப் பெண் திட்டமாக மாற்றினார்கள்: அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். நம்முடைய 12.8ஐ இதற்குச் சான்றாக நீட்டக் கூடாது. அந்த எண் எடுக்கப்பட்டபோது புதுமைப் பெண் பிறக்கவே இல்லை. பக்கத்தில் பள்ளி, பேருந்து, மதிய உணவு, ஆலை வேலை, பல தலைமுறைப் பிரசாரம் என்று அதற்குப் பல அப்பன்மார்.

இப்படி ஒரு திட்டத்தைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பதுதான் படிப்பு என்றால், இதற்கு ஏன் தனியாக ஒரு பட்டம் என்று கேட்கலாம். பொருளாதாரம் படித்தவர் பணத்தைப் பார்ப்பார், சமூகவியல் படித்தவர் சாதியையும் குடும்பத்தையும் பார்ப்பார், சட்டம் படித்தவர் விதியைப் பார்ப்பார். கல்வி, மருத்துவம், வீடு, உணவு, ஓய்வூதியம் ஆகியவற்றை அரசு யாருக்கு, எந்த நிபந்தனையில், எந்த அலுவலகத்தின் வழியாகத் தருகிறது, அதில் யார் விடுபடுகிறார்கள் என்பதைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டும். லண்டன் பொருளாதாரப் பள்ளியில் 1912இலேயே இதற்கான துறை வந்துவிட்டது. 1950இல் ரிச்சர்ட் டிட்மஸ் அதன் முதல் பேராசிரியர் ஆனார். இந்தியாவில் இது சமூகப் பணி என்ற பெயரில் 1936இல் பம்பாயில் டாடா கல்வி நிறுவனத்தோடு நுழைந்தது. சமூகப் பணிக்கும் சமூகக் கொள்கைக்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. முன்னது முதியோர் உதவித்தொகை கிடைக்காத பாட்டியோடு தாலுகா ஆபீசுக்குப் போகும். பின்னது அந்தப் பாட்டியின் பெயர் பட்டியலிலிருந்து எந்த விதியால் விழுந்தது என்று தேடும்.

இந்தத் தேடலுக்கான கருவிகள் பல கொல்கத்தாவில் செய்யப்பட்டவை, அதுவும் ஒரு பேரழிவின் நடுவில். 1943 வங்கப் பஞ்சத்தில் செத்தவர்கள் 15 லட்சம் என்றது அரசின் விசாரணைக் குழு. 30 லட்சம் அளவுக்கு இருக்கும் என்று பின்னர் அமர்த்திய சென் கணக்கிட்டார். பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் 1931இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ், கல்கத்தாப் பல்கலைக்கழக மானிடவியலாளர் கே.பி. சட்டோபாத்யாயவோடு சேர்ந்து பஞ்சத்துக்குப் பிறகு 15,000க்கும் மேற்பட்ட கிராமக் குடும்பங்களில் ஆய்வு நடத்தினார். யார் நிலத்தை விற்றார்கள், யார் மாட்டை விற்றார்கள், எந்தத் தொழில்காரர் பிச்சைக்கு வந்தார் என்று கேட்டு எழுதினார்கள். பஞ்சம் எல்லோரையும் ஒரே மாதிரி அடிக்கவில்லை என்பது அப்போதே தாளில் ஏறிவிட்டது. மாதிரிக் கணக்கெடுப்பில் அங்கே பழகிய கைதான் 1950இல் தேசிய மாதிரி ஆய்வைத் தொடங்கியது.

பஞ்சத்தின்போது சாந்திநிகேதனில் சிறுவனாக இருந்த சென், 1981இல் எழுதிய நூலில் இன்னொரு பூட்டைத் திறந்தார். 1943இல் வங்கத்தில் இருந்த உணவு அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட 5 விழுக்காடுதான் குறைவு. பஞ்சமே இல்லாத 1941ஐவிட அதிகம். அரிசி இருந்தது. போர்ச் செலவால் விலை ஏறியபோது கூலி ஏறாத விவசாயத் தொழிலாளியும் மீனவரும் நாவிதரும் அதை வாங்க முடியவில்லை. கொல்கத்தாவின் ஆலைத் தொழிலாளர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் மலிவு விலையில் அரிசி போனது. கிராமத்தான் அதே நகரத்தின் நடைபாதையில் வந்து செத்தான். மலிவு அரிசிக்கான பட்டியலைப் போட்டவரும் ஒரு சமூகக் கொள்கையைத்தான் எழுதினார். பாடத்தின் பெயரைக் கேட்டதும் கருணை என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை நினைத்துக்கொள்வது நல்லது.

கொல்கத்தா தந்த இன்னொரு பாடம் சோனாகாச்சியில். 1992இல் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தின் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா எச்.ஐ.வி. தடுப்புக்காக அந்தப் பாலியல் தொழில் பகுதிக்குப் போனார். ஆணுறை கொடுத்தால் போதும் என்பது திட்டம். ஆனால் ஒருத்தி மட்டும் ஆணுறை இல்லாமல் முடியாது என்றால் வாடிக்கையாளர் அடுத்த அறைக்குப் போவார். அவள் மறுக்க முடியாததற்கு வட்டிக்காரனும் காரணம். அன்றைய வரும்படி தவணைக்குப் போகிறது. ஆகவே எல்லோரும் சேர்ந்தால்தான் மறுக்க முடியும், கடன் குறைந்தால்தான் சேர முடியும். அந்தப் பெண்களே சக தொழிலாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களாக ஆனார்கள். 1995இல் துர்பார் என்ற அமைப்பும், உஷா என்ற கூட்டுறவுச் சங்கமும் வந்தன. நோய்த் தடுப்புக்கு ஒரு கூட்டுறவு வங்கி தேவைப்படும் என்று எந்த மருத்துவப் பாடநூலில் இருக்கும்?

சங்கடமான பதிலையும் படிப்பு தரும். பீர்பூம் மாவட்டக் கிராமங்களில் பட்டம் இல்லாமல் ஊசி போடுபவர்களுக்கு லிவர் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு ஒன்பது மாதம் பயிற்சி கொடுத்தது. கொல்கத்தா பிரசிடென்சியில் படித்த அபிஜித் பானர்ஜியும் உடன் பணியாற்றியவர்களும் அதை அளந்தார்கள். 304 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பாதிப்பேருக்குப் பயிற்சி, பிறகு நோயாளி வேடத்தில் ஆட்களை அனுப்பிச் சோதனை. முடிவு 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. சரியான சிகிச்சை கூடியது. அரசு மருத்துவரோடு இருந்த இடைவெளி பாதி குறைந்தது. தேவையில்லாத மாத்திரை கொடுப்பது மட்டும் குறையவே இல்லை. அவர் பிழைப்பே மாத்திரை விற்பதில்தானே இருக்கிறது. போலி மருத்துவரைச் சிறையில் போடு என்பவருக்கும் அவருக்குப் பயிற்சி கொடு என்பவருக்கும் இதில் பாதி விடைதான் உண்டு. எனக்கு இந்த ஆய்வு பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

சரி, எங்கே படிப்பது? சமூகக் கொள்கை என்ற பெயரிலேயே பட்டம் இந்தியாவில் அரிது. வளர்ச்சியியல், பொதுக் கொள்கை, சமூகப் பணி, பொருளாதாரம், சமூகவியல் என்ற பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும். கொல்கத்தாவில் கல்கத்தாப் பல்கலைக்கழகமும் ஜாதவ்பூரும் பிரசிடென்சியும் சமூக அறிவியலில் முதுகலை தருகின்றன. ஆய்வுக்கு 1973இல் வந்த சமூக அறிவியல் ஆய்வு மையமும், 2002இல் அமிய குமார் பாக்சி தொடங்கிவைத்த கொல்கத்தா வளர்ச்சி ஆய்வு நிறுவனமும் உண்டு. கல்லூரிச் சதுக்கத்தின் அருகே 1953 முதல் இருக்கும் சமூக நல, வணிக மேலாண்மை நிறுவனம், பெயரிலேயே இரண்டு குதிரையில் சவாரி செய்கிறது. கணக்கு கைவந்தவர்களுக்குப் புள்ளியியல் கழகத்தின் அளவைப் பொருளாதார முதுகலை இருக்கிறது. நுழைவுத்தேர்வு கடினம், தேறினால் கல்விக் கட்டணம் கிடையாது.

இதற்காக ஹவுரா ரயில் ஏறத்தான் வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. 1971இல் மால்கம் ஆதிசேசய்யா தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் அடையாறில் இருக்கிறது. சென்னை சமூகப் பணிக் கல்லூரி 1952 முதல் எழும்பூரில் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் வளர்ச்சியியல் உண்டு. கொல்கத்தா போகிறவர் முதல் ஆறு மாதத்துக்குள் வங்காளம் பேசப் பழக வேண்டும். மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாயிடம் மகளின் கல்யாண வயதைக் கேட்டால் சட்டம் என்ன சொல்கிறதோ அந்த வயதுதான் பதிலாக வரும்.

வேலை விஷயத்தில் வீட்டுக்கு ஒரு வார்த்தை. இது ஐ.ஏ.எஸ். தேர்வுக்கான குறுக்குவழி அல்ல, விருப்பப் பாடத்துக்கு உதவலாம், அவ்வளவுதான். பெரும்பாலோர் ஆய்வு உதவியாளராகத் தொடங்குகிறார்கள்: கேள்வித்தாள் தயாரிப்பது, கணக்கெடுப்பாளர்களைப் பயிற்றுவிப்பது, வந்த விவரத்தில் பொய்யைப் பிடிப்பது. தொடக்கச் சம்பளம் மென்பொருள்காரரிடம் சொல்லும்படி இருக்காது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் போன்ற வாய்ப்புகள் அரசுக்குள்ளேயே இரண்டாண்டு வேலை பார்க்க வழி திறந்திருக்கின்றன. எந்தக் கல்லூரியில் சேர்வதானாலும் பாடத்திட்டத்தில் புள்ளியியலுக்கு எத்தனை தாள், களப்பணிக்கு எத்தனை வாரம் என்று விசாரியுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றால் வேறு கல்லூரியைப் பாருங்கள்.