கணினிக் காவல் – 9: மரம் உன்னுடையது, கள் அல்ல

வேலந்தாவளத்தில் ரோட்டைத் தாண்டினால் சட்டம் மாறிவிடும். இந்தப் பக்கம் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகா, அந்தப் பக்கம் கோவை மாவட்டம். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு. இரண்டு பக்கமும் தமிழ் கேட்கும். கேரளத்துத் தென்னையில் கள் இறக்கலாம். தமிழ்நாட்டுத் தென்னையில் 1987 முதல் இறக்கக் கூடாது.

கேரளப் பக்கத்திலும் இஷ்டத்துக்கு இறக்கிவிட முடியாது. தேங்காய் என்றால் தோப்புக்காரர் வைத்ததுதான் சட்டம். விற்கலாம், பக்கத்து வீட்டுக்கு நாலு கொடுத்தனுப்பலாம், கேட்பாரில்லை. அதே மரத்தில் பாளையைச் சீவிப் பானை கட்டிவிட்டால் கதை வேறு. எக்சைஸ் இலாகா மரத்துக்கு எண் போட வேண்டும். கள் ஏற்றும் வண்டிக்குப் பெர்மிட் வேண்டும். எங்கிருந்து எங்கே என்று பெர்மிட் சொல்கிறதோ, அங்கேதான் வண்டி போக வேண்டும். சித்தூர்த் தோப்புகளில் இறங்கும் கள்தான் கேரளத்தின் வேறு பல மாவட்டக் கடைகளுக்கும் போகிறது. வழியில் நிறுத்திக் கேட்டால் ‘மரம் என்னுடையது’ என்ற பதில் எடுபடாது.

கணினிக்குள்ளும் இந்த இரண்டு வகை அதிகாரமும் உண்டு. ஒரு கோப்பை யார் படிக்கலாம், யார் திருத்தலாம் என்பதை அதன் சொந்தக்காரரே முடிவு செய்வது தேங்காய்ச் சட்டம். லினக்ஸில் ‘ரூட்’ என்ற பெரிய எஜமானருக்கு இந்தச் சட்டத்தில் தடை என்று ஒன்றும் கிடையாது. யார் தோப்பிலும் நுழையலாம். சொந்தக்காரர் சம்மதித்தாலும், ரூட்டே கேட்டாலும், விதியில் எழுதாத எதையும் விடாதே என்பது கள் சட்டம். இதற்குக் ‘கட்டாய அணுகல் கட்டுப்பாடு’ என்று பெயர். சென்ற வாரம் பார்த்த கடவுச்சொல்லுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உள்ளே வந்துவிட்ட நிரல் எதையெல்லாம் தொடலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

இந்தச் சட்டம் யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், வங்கிக் கணக்கையும் ராணுவ ரகசியத்தையும் பலர் நினைப்பார்கள். பிரிண்டர் யாருக்கும் நினைவுக்கு வராது.

லினக்ஸ் கணினியில் பிரிண்ட் எடுக்கும் வேலையைப் பார்ப்பது ‘கப்ஸ்’. மைக்கேல் ஸ்வீட் என்ற அமெரிக்கர் 1997-ல் எழுதத் தொடங்கியது. 2007-ல் ஆப்பிள் நிறுவனம் இதை வாங்கி, அவரையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டது. மேக் கணினியிலும் அச்சடிப்பது இதுதான். திரையில் முகம் காட்டாமல் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும் இத்தகைய நிரலை ‘டீமன்’ என்பார்கள். பேய் பிசாசு ஒன்றுமில்லை. இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, ஓயாமல் மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் குட்டிப் பூதத்தின் பெயரை 1960-களில் எம்ஐடி-காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பூதத்தின் வேலையைக் கொஞ்சம் யோசித்தால் வயிற்றைக் கலக்கும். அது ஓடுவது ரூட் அதிகாரத்தில். 631-ஆம் எண் வாயிலில் காத்திருந்து, பகிர்வு திறந்திருந்தால் நெட்வொர்க்கில் யார் கதவைத் தட்டினாலும் பதில் சொல்கிறது. யாரோ அனுப்பிய பிடிஎஃபைத் திறந்து பிரித்து, பிரிண்டருக்குப் புரியும் மொழிக்கு மாற்றுகிறது. அந்த மாற்றும் வேலையைத் தானே செய்வதுமில்லை. பிரிண்டர் கம்பெனிகள் எழுதித் தந்த டிரைவர்களையும் ஃபில்டர்களையும் கூப்பிட்டுச் செய்யச் சொல்கிறது. எல்லோரிடமும் பேசும், எதையும் திறக்கும், வெளியாளை வேலைக்கு வைக்கும், கையில் வீட்டுச் சாவிக்கொத்து மொத்தமும் இருக்கும். இப்படி ஓர் ஆளை எந்த வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டார்கள். விண்டோஸின் பிரிண்ட் சேவை பட்ட பாடு தெரிந்ததே: 2010-ல் ஈரானின் அணு நிலையத்தைக் குறிவைத்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், கணினி விட்டுக் கணினி தாவப் பயன்படுத்திய ஓட்டைகளில் ஒன்று அங்கேதான் இருந்தது. 2021 ஜூலையில் ‘பிரிண்ட்நைட்மேர்’ என்ற ஓட்டை வந்தபோது மைக்ரோசாஃப்ட் மாதாந்தரத் திருத்த நாள்வரை காத்திராமல் அவசரத் திருத்தம் வெளியிட்டது.

லினக்ஸ்காரர்கள் இந்தப் பூதத்துக்குக் கள் சட்டம் போட்டார்கள். இரண்டு விதமாக.

முதலாவது எஸ்ஈலினக்ஸ். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை, அதாவது உலகத்தையே ஒட்டுக்கேட்பதாகப் பெயர் வாங்கிய அதே என்எஸ்ஏ, 2000 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. ஃபெடோரா, ரெட் ஹாட் ஆகிய லினக்ஸ் வகைகளில் காவல் இதுதான். இது மரத்துக்கு எண் போடும் முறை. ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முத்திரை, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு முத்திரை. கப்ஸ் முத்திரை உள்ள நிரல், அச்சு வரிசை என்று முத்திரை குத்திய கோப்பைத் தொடலாம். கடவுச்சொல் கோப்பின் முத்திரை வேறு என்பதால் தொட முடியாது. கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தினாலும் முத்திரை ஒட்டிக்கொண்டே போகும்.

இரண்டாவது ஆப்ஆர்மர். இது முத்திரை பார்ப்பதில்லை, வழி பார்க்கும். இந்த நிரல் இந்தந்த அடைவுகளுக்குப் போகலாம், இங்கே படிக்கலாம், அங்கே எழுதலாம் என்று நிரலின் பெயரில் ஒரு தாள். வண்டிப் பெர்மிட் மாதிரி. உபுண்டு என்ற லினக்ஸ் வகை 2007 அக்டோபரில் வெளியிட்ட 7.10 பதிப்பில் இதைச் சேர்த்தபோது, கப்ஸுக்கான பெர்மிட்டையும் கையோடு அமலுக்குக் கொண்டுவந்தது. அதை எழுதியவர் மார்ட்டின் பிட்.

வேலந்தாவளத்துக்கும் உபுண்டுவுக்கும் என்ன என்று கேட்கலாம். கேரளத்தில் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் கணினி லேபில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு ‘கைட்’ நிறுவனம் தயாரித்துத் தரும் லினக்ஸ். சித்தூர் தாலூகாவின் தமிழ்ப் பள்ளிகளிலும் அதுதான், இடுக்கியில் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளிலும் அதுதான். எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் எட்டாம் வகுப்புப் பிள்ளை வினாத்தாளைப் பிரிண்ட் கொடுக்கும்போது, திரைக்குப் பின்னால் மார்ட்டின் பிட் தொடங்கிவைத்த அந்தப் பெர்மிட் சரிபார்க்கப்படுகிறது. இது ஆசிரியர்களிலேயே பலருக்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, ஏதாவது தகராறு வரும் வரை.

தகராறு பெரும்பாலும் இப்படி வரும். காகிதம் இல்லாமல் பிடிஎஃபாகவே அச்சடித்துத் தரும் ‘கப்ஸ்-பிடிஎஃப்’ என்ற சின்ன நிரல் ஒன்று உண்டு. ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்து ஃபோல்கர் பேர் எழுதியது. பயனரின் வீட்டு அடைவில் ‘பிடிஎஃப்’ என்ற பெட்டியில் கோப்பைப் போடும். அதை வேறு இடத்துக்கு மாற்றிவிடலாமே என்று ஒருவர் அமைப்புக் கோப்பில் அடைவின் பெயரைத் திருத்துகிறார். பிரிண்ட் கொடுக்கிறார். வேலை முடிந்தது என்கிறது திரை. கோப்பைத் தேடினால் காணோம். ரூட்டாக உள்ளே போய் அனுமதிகளையெல்லாம் தாராளமாகத் திறந்துவிட்டாலும் காணோம். ஏனென்றால் திறந்தது தேங்காய்ச் சட்டத்தை. பெர்மிட்டில் பழைய அடைவுதானே எழுதியிருக்கிறது? லினக்ஸின் மையமான கர்னலின் பதிவேட்டைப் பார்த்தால் ஆப்ஆர்மர் மறுத்தது என்று ஒரு வரி இருக்கும். பெர்மிட்டில் புது அடைவுக்கு ஒரு வரி சேர்த்து மறுபடி ஏற்றினால் தீர்ந்தது.

இதைச் செய்ய ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை வேறு: காவலையே அணைத்துவிடு. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வைத்தியம் இது. ஒரு பிடிஎஃபுக்காக ரூட் அதிகாரப் பூதத்தை அவிழ்த்துவிட்டு, பிறகு அதை மறந்தும் விடுகிறார்கள்.

சரி, பெர்மிட் இருந்தால் கவலையில்லையா? 2024 செப்டம்பரில் இதற்குப் பதில் கிடைத்தது. சிமோனே மார்கரிட்டெல்லி என்ற இத்தாலிய ஆய்வாளர், லினக்ஸில் பயங்கர ஓட்டை ஒன்று இருப்பதாக முன்கூட்டியே அறிவித்துப் பரபரப்பைக் கிளப்பினார், பத்துக்கு 9.9 அபாயம் என்று பேச்சு அடிபட்டது. 26-ஆம் தேதி விவரம் வெளிவந்தபோது அது கப்ஸ் குடும்பம் என்று தெரிந்தது. பக்கத்திலிருக்கும் பிரிண்டர்களைத் தானாகத் தேடிச் சேர்க்கும் துணை நிரல், 631-ஆம் வாயிலில் வரும் எவர் பேச்சையும் நம்பியது. தாக்குபவர் ஒரு போலிப் பிரிண்டரைச் சேர்க்க வைக்கலாம். அந்தப் பிரிண்டரின் விவரக்குறிப்புக்குள் ஒரு கட்டளையை ஒளித்து வைக்கலாம். பயனர் அந்தப் பிரிண்டருக்கு ஒரு பக்கம் அச்சடிக்கச் சொன்னால் கட்டளை ஓடும். ரூட்டாக அல்ல, அச்சு வேலைக்கான சாதாரணப் பயனர் பெயரில். பயனர் தானே அந்தப் பிரிண்டரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால், பயமுறுத்திய அளவுக்குச் சேதம் நேரவில்லை. உபுண்டு உடனே திருத்தம் வெளியிட்டது.

அந்தக் கட்டளை எந்த வழியாக ஓடியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஃபில்டர் வழியாக. உபுண்டுவின் பெர்மிட்டில் ஃபில்டர்களுக்கும் வெளியார் டிரைவர்களுக்கும் ‘மூன்றாம் தரப்பு’ என்று தனிப் பகுதி உண்டு. அதில் எந்தக் கோப்பையும் தொடலாம், நெட்வொர்க்குக்கும் போகலாம். இவை என்ன செய்யும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, எங்கள் கையில் இல்லை என்று பெர்மிட்டிலேயே குறிப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். அலட்சியம் என்று இதைச் சொல்ல மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் டிரைவர்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்காகப் பெர்மிட் எழுதினால், பாதிப் பிரிண்டர்கள் வேலை செய்யாது. மறுநாளே எல்லோரும் காவலை அணைத்துவிடுவார்கள். தெரிந்தே திறந்து வைத்த கதவு அது.

உங்கள் உபுண்டுவிலும் அந்தத் தாள் இருக்கிறது. ஆப்ஆர்மர் அடைவுக்குள் கப்ஸ் பெயரில் தேடினால் கிடைக்கும். மூன்றாம் தரப்புப் பகுதி பத்துப் பதினைந்து வரிகூட வராது. அதில் தடை என்று எழுதியிருப்பது ஒன்றே ஒன்று: காவல் விதிகளை மாற்றும் அதிகாரம். அதற்குக் கை நீட்டினால் மறுத்துவிடு, பதிவேட்டிலும் எழுதிவை என்கிறது அந்த வரி.

(தொடரும்)