தானுந்து விளக்குக் குமிழ் மாற்றுதல்

தானுந்து விளக்குக் குமிழ் மாற்றுதல் என்பது கார், ஜீப் முதலிய வண்டிகளின் விளக்குகளில் இழை அறுந்து அணைந்துபோன மின்குமிழை நீக்கிப் புதியதைப் பொருத்தும் பணி ஆகும். பேச்சுவழக்கில் இது பல்பு மாற்றுதல் எனப்படுகிறது. குமிழின் விலை குறைவு. வேலையும் கைந்நூலின்படி சில நிமிடங்களில் முடிவது. ஆயினும் வீட்டு வாசலில் இதைத் தாமே செய்ய முனைவோர் பலர், புறங்கை கீறிப் பொறுமையும் இழந்து, இறுதியில் பட்டறைக்கே செல்கின்றனர். இத்தொல்லைக்குக் காரணம் குமிழ் அன்று. குமிழைச் சுற்றி வண்டி கட்டப்பட்டுள்ள விதமே ஆகும். இரவிலும் மூடுபனியிலும் மலைச்சாலைகளில் ஓட்ட வேண்டியுள்ள தேனி, கம்பம் பள்ளத்தாக்குப் பகுதிகளில் இவ்வேலையைத் தள்ளிப்போடுவது ஆபத்தானது.

மலைச்சாலையும் ஒற்றை விளக்கும்

தேனியிலிருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் சாலை, லோயர்கேம்ப்பைக் கடந்ததும் மலையேறிக் குமுளியில் கேரள எல்லையை அடைகிறது. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டுக்கும் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கும் வேறு மலைச்சாலைகள் உள்ளன. போடிமெட்டுச் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. இடுக்கி மாவட்டத்தின் ஏலத்தோட்டங்களுக்குப் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் இச்சாலைகளில் விடியலுக்கு முன்பே ஏறத் தொடங்குகின்றன. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை செல்வோரின் வண்டிகள் இரவு முழுவதும் ஓடுகின்றன.

இத்தகைய சாலையில் ஒரு முகப்பு விளக்கு மட்டும் எரியும் கார், எதிரே வருபவருக்கு இருசக்கர வண்டியாகத் தோன்றும். இந்தியாவில் வண்டிகள் சாலையின் இடப்புறம் செல்வதால், காரின் வலப்பக்க விளக்கே சாலையின் நடுப்பகுதியை ஒட்டி அமைகிறது. அது அணைந்து இடப்பக்க விளக்கு மட்டும் எரிந்தால், ஓரமாக ஒரு மோட்டார் சைக்கிள் வருவதாக எண்ணி எதிர் ஓட்டுநர் இடம் கணிப்பார். உண்மையில் அந்த ஒளிக்கு வலப்புறம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலத்துக்குக் காரின் உடல் இருட்டில் வந்துகொண்டிருக்கும். ஆகவே இரண்டில் எது அணைந்தாலும் குறைதான் எனினும், வலப்பக்க விளக்கு அணைவதே கூடுதல் ஆபத்து உடையது.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105ஆம் விதி, இரவிலும் போதிய வெளிச்சம் இல்லாத பிற நேரங்களிலும் குறிப்பிட்ட விளக்குகள் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்கிறது. பகலில் மலையை மூடும் பனிக்கும் இது பொருந்தும்.

குமிழின் அமைப்பு

ஆலசன் முகப்புக் குமிழ்களில் இந்தியாவில் மிகப் பரவலானது எச்-4 வகை. 1971இல் அறிமுகமான இதில் ஒரே குமிழுக்குள் இரண்டு டங்ஸ்டன் இழைகள் உள்ளன. டிம் எனப்படும் தாழ் ஒளிக்கு 55 வாட்டு இழையும், பிரைட் எனப்படும் உயர் ஒளிக்கு 60 வாட்டு இழையும் பயன்படுகின்றன. தாழ் ஒளி இழையின் கீழே சிறு உலோகக் கிண்ணம் ஒன்று உண்டு. மேல்நோக்கிச் சென்று எதிரே வருபவரின் கண்ணைக் கூசச்செய்யும் ஒளியைத் தடுப்பது அதுவே. குமிழ் சரியான நிலையில் அமர்ந்தால்தான் கிண்ணமும் சரியான இடத்தில் நிற்கும். இதற்காகக் குமிழின் வளையத்தில் மூன்று காதுகள் உள்ளன. ஒரே ஒரு நிலையில்தான் அவை இருக்கையில் பொருந்தும்.

தாழ் ஒளி அதிக நேரம் எரிவதால் பெரும்பாலும் அந்த இழையே முதலில் அறும். அப்போது பலர் உயர் ஒளியிலேயே சில நாட்கள் ஓட்டிச் சமாளிக்கின்றனர். மலைச்சாலையில் இது எதிரே வருபவரைக் குருடாக்கும். மூடுபனியிலோ ஓட்டுபவருக்கே கேடு: உயர் ஒளி பனித்துளிகளில் பட்டுச் சிதறித் திரும்புவதால், கண்முன் வெண்சுவர் எழுந்தது போலாகிச் சாலை மறைந்துவிடும்.

கை நுழையாத இடம்

1958 முதல் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர் காரிலும் பழைய ஜீப்புகளிலும் முகப்பு விளக்கு ஏழு அங்குல வட்ட வடிவினது. வெளி வளையத்தைக் கழற்றினால் விளக்கு முழுவதும் முன்பக்கமாகவே கையில் வந்துவிடும். வெளிச்சத்தில் நின்று, கண்ணால் பார்த்து, குமிழை மாற்றலாம்.

பின்னர் வந்த கார்களில் விளக்கு, வண்டியின் முகத்தோடு இழைந்த பெரிய பிளாஸ்டிக் கூடாக மாறியது. டூம் என்று பட்டறைகளில் அழைக்கப்படும் இக்கூட்டின் பின்புறத்தை எஞ்சின் மூடியைத் திறந்துதான் எட்ட முடியும். அங்கே ஒரு பக்கம் மின்கலமும் மறு பக்கம் காற்று வடிகட்டிப் பெட்டியோ கண்ணாடி கழுவும் நீரின் தொட்டியோ நெருக்கிக்கொண்டு நிற்கும். சிலவற்றில் மின்கலத்தையே கழற்ற வேண்டும். வேறு சிலவற்றில் முன்சக்கரத்தின் மேலுள்ள உட்காப்பைத் திறந்து அவ்வழியே கையை விட வேண்டும். முன்பக்கத் தாங்கியைக் கழற்றவேண்டிய வண்டிகளும் உண்டு.

கை நுழைந்தாலும் கண் நுழையாது என்பதே பெருந்தொல்லை. மூன்று தகடுகள் கொண்ட மின்செருகியை இழுத்து, இரப்பர் உறையை உரித்து, குமிழை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிச் சுருளை விடுவிக்க வேண்டும். அதன் கொக்கி எப்பக்கம் திறக்கிறது என்பதை விரல் நுனியால்தான் அறிய முடியும். முதலில் மறு பக்க விளக்கின் கொக்கியைப் பார்த்துக்கொள்வதும், சிறு கண்ணாடியையோ கைபேசிக் கேமராவையோ பின்னால் நீட்டிப் பார்ப்பதும் உதவும்.

ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 48ஆம் ஒழுங்குவிதி, இழைக் குமிழ்களைத் தேர்ந்தவர் உதவியின்றியும், வண்டியுடன் தரப்பட்டவை தவிர வேறு சிறப்புக் கருவிகளின்றியும் மாற்ற முடிய வேண்டும் என்கிறது. கை கீறாமல் முடிய வேண்டும் என்று அது கூறவில்லை.

மாற்றும் முறை

எரிந்து அணைந்த குமிழ் கடுஞ்சூடாக இருக்கும் என்பதால் ஆறும்வரை பொறுக்க வேண்டும். ஆலசன் குமிழின் உறை குவார்ட்சால் ஆனது. இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டனை உள்ளிருக்கும் அயோடின் அல்லது புரோமின் வாயு பற்றி மீண்டும் இழைக்கே கொண்டு சேர்க்கிறது. இதற்கு உறை 250 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட சூட்டில் இருத்தல் வேண்டும். அச்சூட்டில், விரலில் உள்ள எண்ணெயும் உப்பும் பட்ட இடம் மங்கி, குமிழின் ஆயுள் குறையும். எனவே உலோக அடியை மட்டும் பிடிக்க வேண்டும். தவறித் தொட்டுவிட்டால் ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

செருகி பழுப்பேறி உருகியிருந்தால் குறை குமிழில் மட்டும் இல்லை. புதிய குமிழும் விரைவில் அணையும். குமிழ்கள் அடிக்கடி போனால் மின்னழுத்தத்தையும் அளந்து பார்க்க வேண்டும். அழுத்தம் 5 விழுக்காடு கூடினாலே இழையின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும்.

இரப்பர் உறையைச் சரியாக மூடாமல் விடுவது வீட்டில் அடிக்கடி நேரும் பிழை. மழையிலும் பனியிலும் ஈரம் உள்ளே புகுந்து, எதிரொளிப்பானின் பூச்சு மங்கும். வேலை முடிந்ததும் வண்டியைச் சுவரை நோக்கி நிறுத்தி, இரு விளக்குகளின் ஒளி எல்லையும் ஒரே உயரத்தில் விழுகின்றனவா எனப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் மேலே ஏறியிருந்தால் குமிழ் இருக்கையில் சரியாக அமரவில்லை என்று பொருள்.

பின்புற விளக்குகள்

இவை எளிது. தடை விளக்குக்கும் பின்விளக்குக்கும் பொதுவான 21/5 வாட்டுக் குமிழை அழுத்தித் திருப்பினால் கழன்றுவிடும். அதன் இரு முளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருப்பதால் தலைமாற்றிப் பொருத்த இயலாது. தடையை மிதிக்கும்போது திருப்ப விளக்கும் மங்கலாக எரிந்தால், அது பெரும்பாலும் குமிழின் குறை அன்று, துருப்பிடித்த புவி இணைப்பின் குறையாகும். திருப்ப விளக்கு வழக்கத்தைவிட வேகமாகச் சிமிட்டுவது, அப்பக்கத்தில் ஒரு குமிழ் அணைந்துவிட்டதற்கான அறிகுறி.

மாற்றுக் குமிழ்கள்

கடைகளில் 100/90 வாட்டுக் குமிழ்களும் கிடைக்கின்றன. 60/55 வாட்டுக்காக அமைந்த கம்பியும் செருகியும் இச்சூட்டைத் தாங்காமல் உருகக்கூடும். ஆலசன் கூட்டில் ஒளியுமிழ் இருமுனையக் குமிழைச் செருகுவதும் பரவியுள்ளது. இழை இருந்த நுண்ணிய இடத்திலேயே புதிய ஒளிமூலமும் அமையாவிட்டால் ஒளி கண்டபடி சிதறும். ஜெர்மனியில் 2020 முதல், சோதித்து ஒப்புதல் பெற்ற சிலவகைக் குமிழ்களை, அவற்றுக்கெனப் பட்டியலிட்ட வண்டிகளில் மட்டும் பயன்படுத்தலாம்.

புதிய கார்கள் பலவற்றில் ஒளியுமிழ் இருமுனையங்கள் விளக்குக் கூட்டோடே மூடி முத்திரையிடப்பட்டு வருகின்றன. அவை நெடுங்காலம் உழைப்பவை. மாற்றுவதற்குத் தனிக் குமிழ் இல்லை. பழுதானால் முழுக் கூட்டையும் மாற்ற நேரிடும். அதன் விலை ஆலசன் குமிழின் விலையைப் போலப் பன்மடங்கு ஆகும்.