கிராம வங்கிக் கிளையை மூடும் அதிகாரம் யாருடையது?

தூத்துக்குடி மாவட்டத்தின் உப்பளங்களில் உழைப்போரில் கணிசமானோர் பட்டியல் சாதி மக்கள். நூறு நாள் வேலைக் கூலி, முதியோர் ஓய்வூதியம், மாணவர் கல்வி உதவித்தொகை, உப்பளத் தொழிலாளர்களுக்கான 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் ஆகிய அனைத்தும் இன்று வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகின்றன. கிளை தொலைவுக்குச் சென்றுவிட்டால், கிடைக்க வேண்டிய பணத்தைப் பெறவே ஒரு நாள் கூலியை இழக்க நேரிடும். ஆகவே, கிளைகளை இடம் மாற்றுவது குறித்த விதிகளை நாம் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்வோம். வங்கிகளின் இணைப்பு வேறு. கிளைகளின் இணைப்பு வேறு. 1977இல் தொடங்கப்பட்டுத் தென்மாவட்டங்களில் இயங்கிய பாண்டியன் கிராம வங்கி, 2019 ஏப்ரல் 1 அன்று பல்லவன் கிராம வங்கியுடன் இணைக்கப்பட்டு, சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. இத்தகைய முடிவை ஒன்றிய அரசு எடுக்கிறது. ஆனால், அதனாலேயே எந்தக் கிராமக் கிளையையும் மூடும் உரிமை வங்கி நிர்வாகத்துக்குத் தானாகக் கிடைத்துவிடாது.

ரிசர்வ் வங்கி 2017 மே 18 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, நகரக் கிளைகளை வங்கிகள் தம் விருப்பப்படி மாற்றலாம், இணைக்கலாம், மூடலாம். 10,000க்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களின் கிளைகளுக்கும், சிற்றூர் நகரங்களில் உள்ள ஒரே கிளைக்கும் இது பொருந்தாது. அவற்றுக்கு மாவட்ட ஆலோசனைக் குழு அல்லது மாவட்ட அளவிலான ஆய்வுக் குழுவின் ஒப்புதல் தேவை. இக்குழுக்களின் தலைவர் மாவட்ட ஆட்சியர். அவ்வூரின் வங்கித் தேவைகள் தொடர்ந்து நிறைவேறுவதை அவை உறுதிசெய்ய வேண்டும். வாடிக்கையாளர்களுக்கும் உரிய காலத்தில் முன்னறிவிப்பு தர வேண்டும்.

இவ்விதியில் ஓட்டைகளும் உண்டு. முன்னறிவிப்புக்கு இத்தனை நாள் என்ற வரையறை இல்லை. மூடப்படும் கிளைக்கு மாற்றாக வங்கி முகவர் ஒருவரை அமர்த்தினாலே போதுமானது. முகவரிடம் பணம் எடுக்கலாம். கிளையில் கிடைக்கும் எல்லாச் சேவைகளும் அங்கே கிடைப்பதில்லை. உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகையை அவருடைய கருவி ஏற்க மறுத்தால், பணமும் கிடைக்காது. மேலும், விதி மக்கள்தொகையை அளக்கிறதே தவிர, வறுமையை அளப்பதில்லை. உப்பளங்கள் சூழ்ந்திருந்தும், மாநகராட்சி எல்லைக்குள் அமைந்துவிட்ட முத்தையாபுரம் போன்ற பகுதிகளுக்குக் கிராமக் கிளைக்குரிய பாதுகாப்பு இல்லை. பாதிக்கப்படும் மக்களின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கேட்காவிட்டாலும் சொல்ல நமக்கு வழிகள் உள்ளன. கிளை மாற்றம் குறித்த செய்தி வந்தவுடன், குழு கூடுவதற்கு முன்பே, ஆட்சியரிடமும் முன்னோடி வங்கி மேலாளரிடமும் எழுத்து வடிவில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி அதனுடன் இணைக்கலாம். ஆய்வுக் குழுவுக்கு அழைக்கப்படும் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதை எழுப்புமாறு கோரலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்ட நடவடிக்கைக் குறிப்பைக் கேட்டுப் பெறலாம். ஒப்புதல் பெறப்பட்டதா, மாற்று ஏற்பாடு என்ன என்ற இரு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். விடை இல்லையெனில், நம் போராட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.