எதிர்பார்ப்பும் உடைமைப்பறிப்பும்: மலேசிய நிறுவனமொன்றின் சிலி வழக்கு

ஓர் அரசு அயல்நாட்டவரின் நிலத்தையோ ஆலையையோ தன் பெயருக்கு மாற்றிக்கொண்டால், அது உடைமைப்பறிப்பு என்பதில் ஐயம் எழுவதில்லை. உடைமை உரியவர் பெயரிலேயே நீடிக்க, உரிம மறுப்பு, தடையாணை போன்றவற்றால் அதன் பயன் அனைத்தும் அற்றுப்போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பன்னாட்டு முதலீட்டுச் சட்டம் இதனை மறைமுக உடைமைப்பறிப்பு என வழங்குகிறது. ('பறிமுதல்' என்னும் சொல்லை நாம் இங்குத் தவிர்க்கிறோம், குற்றத்திற்குத் தண்டனை என்னும் பொருளையும் அது உடன் கொண்டுவந்துவிடும்.)

எதிர்பார்த்தது நடவாமற் போயிற்று, ஆகவே உடைமை பறிபோயிற்று என்று வாதிடுவது எளிது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதை எம்.டி.டி. என்னும் மலேசிய நிறுவனம் சிலி நாட்டின்மீது தொடுத்த வழக்கு நன்கு விளக்குகிறது.

சிலியின் தலைநகராகிய சாந்தியாகோவுக்குத் தெற்கே, பிர்கே என்னுமிடத்தில் புதிய நகரியம் ஒன்றை எழுப்ப அந்நிறுவனம் திட்டமிட்டது. நிலமோ வேளாண்மைக்கென வகைப்படுத்தப்பட்டிருந்தது. எனினும், சிலியின் அயல்நாட்டு முதலீட்டுக் குழு 1997இல் அத்திட்டத்திற்கான முதலீட்டை ஏற்று ஒப்பந்தம் செய்தது. பணமும் சென்றது. அதன் பின்னரே, நிலத்தின் வகையை மாற்றுவது அரசின் நகரமைப்புக் கொள்கைக்கு முரணானது எனக் கூறி நகர வளர்ச்சி அமைச்சகம் மறுத்தது. ஒரே அரசின் ஓர் அலுவலகம் திறந்த கதவை மற்றோர் அலுவலகம் அடைத்தது.

மலேசியாவும் சிலியும் 1992இல் செய்துகொண்ட உடன்படிக்கையின்கீழ் வழக்கு நடுவர் தீர்ப்பாயத்தின்முன் சென்றது. 2004 மே மாதத் தீர்ப்பில், உடைமை பறிக்கப்பட்டது என்னும் வாதம் ஏற்கப்படவில்லை. சட்டத்தையும் விதிகளையும் தமக்கேற்ப மாற்றித்தருமாறு கேட்கும் உரிமை முதலீட்டாளருக்கு இல்லை. இல்லாத உரிமையை எவரும் பறிக்க இயலாது. ஆயினும், தன் கொள்கைக்கு மாறான திட்டமொன்றிற்குத் தானே முதலீட்டை ஏற்றது நியாயமான நடத்துகை ஆகாது எனத் தீர்ப்பாயம் கண்டது. எதிர்பார்ப்பு என்னும் வாதம் பயன்பட்டது இவ்விடத்தில்தான்; உடைமைப்பறிப்பில் அன்று.

எங்கள் பார்வையில் இத்தீர்ப்பின் மிகச் சிறந்த பகுதி இழப்பீட்டுக் கணக்கே. நிலவகையைத் தக்கவாறு ஆராயாமல் பணத்தை இறக்கியது வணிகர் தாமே ஏற்க வேண்டிய துணிகரம் எனக் கருதிய தீர்ப்பாயம், இழப்பில் 50 விழுக்காட்டை நிறுவனத்தின் தலையிலேயே சுமத்தியது. இறுதியில் கிடைத்தது ஏறத்தாழ 58 லட்சத்து 70 ஆயிரம் அமெரிக்க டாலர்.

தீர்ப்பை நீக்கக் கோரிய சிலியின் மனு 2007இல் தள்ளுபடியாயிற்று. எனினும் மனுவை ஆய்ந்த குழு ஒரு திருத்தத்தை வற்புறுத்தியது: அரசின் கடமை உடன்படிக்கையின் வாசகத்திலிருந்து பிறக்கிறதேயன்றி, முதலீட்டாளர் மனத்தில் கொண்ட எதிர்பார்ப்புகளிலிருந்து பிறப்பதில்லை.

மலேசியாவும் சிங்கப்பூரும் இடம்பெற்றுள்ள 2009ஆம் ஆண்டின் ஆசியான் முழுமை முதலீட்டு உடன்பாடு இத்திசையில் மேலும் நகர்ந்துள்ளது. மறைமுக உடைமைப்பறிப்பை ஆராயும்போது, நடவடிக்கையின் பொருளாதார விளைவையும் தன்மையையும் பார்ப்பதோடு, அரசு முதலீட்டாளருக்கு முன்னரே எழுத்துவழி அளித்த, தன்னைக் கட்டுப்படுத்தும் வாக்குறுதியை மீறியதா என்றும் பார்க்கச் சொல்கிறது. 'எதிர்பார்ப்பு' என்னும் நெகிழ்ந்த சொல்லின் இடத்தில் ஒப்பந்தம், உரிமம் போன்ற ஆவணங்கள் வந்து அமர்ந்துவிட்டன. பிர்கே வழக்கிலும் எழுத்துவழி ஒப்பந்தம் இருந்தது. ஆனால் பிற அனுமதிகளைத் தனியே பெற வேண்டும் என்று அவ்வொப்பந்தமே கூறியிருந்தது.