பன்னிரண்டு பட்டைகளில் ஒரு காதுகுத்து

அக்கா மகளின் காதுகுத்துக் கேசட்டைப் பழைய ஹேண்டிகேமில் போட்டேன். தாய்மாமன் மடியில், அதாவது என் மடியில், வீறிட்டு அழும் குழந்தை குறுக்குவாட்டில் துண்டு துண்டாகத் தெரிந்தாள். ஒரு பட்டை அசைகிறது. அடுத்தது உறைந்து நிற்கிறது. அதற்கடுத்தது மறுபடி அசைகிறது. ஆசாரி கையை எடுத்துவிட்டார், ஆனால் அவர் விரல்களில் பாதி இன்னும் காதருகிலேயே இருந்தன. சத்தமும் விட்டுவிட்டுத்தான் வந்தது.

“கேசட் போச்சு மாப்ள, தூக்கிப் போடு” என்றார் அத்தான்.

நான் பட்டைகளை எண்ணினேன். பன்னிரண்டு. கேசட்டின் மீது பழி போட அவசரப்பட வேண்டாம் என்று அந்த எண்ணே சொன்னது.

இது மினி டிவி கேசட். பெயரைக் கேட்டுச் சின்னத் தொலைக்காட்சி என்று நினைப்பவர்கள் உண்டு. டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம்தான் அந்த ‘டிவி’. 1995இல் சந்தைக்கு வந்த வகை. கேமராவுக்குள் 21.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உலோக டிரம் இருக்கிறது. பம்பரத்தில் சாட்டையைச் சுற்றுவது போல, நாடா அதன்மேல் சாய்வாகச் சுற்றிக்கொள்ளும். நாடா ஊர்வது நொடிக்கு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. டிரம்மோ நிமிடத்துக்கு 9,000 சுற்று. அதன் விளிம்பில் எதிரெதிராகப் பொருத்திய இரண்டு ஹெட்டுகள் நாடாவை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உரசியபடி சாய்ந்த கோடுகளாகப் படத்தை எழுதுகின்றன. நம் ஊரில் பயன்படும் பால் முறையில் ஒரு படத்துக்கு 12 கோடு. ஒவ்வொரு கோடும் படத்தின் ஒரு குறுக்குப் பட்டை. ஒற்றைப்படைப் பட்டைகள் ஒரு ஹெட்டுக்கு, இரட்டைப்படைப் பட்டைகள் மற்றதற்கு. ஒரு ஹெட் அடைத்துக்கொண்டால் அதன் பங்கு ஆறு பட்டைகளும் வராது. கேமரா அந்த இடங்களைப் பழைய படத்தை வைத்து ஒப்பேற்றும். அதனால்தான் பாதிக் குழந்தை மட்டும் அழுதாள்.

அடைப்புக்குப் பெரிய அழுக்கே வேண்டாம். ஒரு கோட்டின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் ஏழெட்டுக் கோடுகள் அடங்கிவிடும். நாடாவிலிருந்து உதிரும் பூச்சுத் துகள் ஒன்று ஹெட்டின் முனையில் ஒட்டினாலே போதும்.

விஎச்எஸ், 8 எம்எம் காலத்துக் கேமராக்களில் இதே நோய் வேறு முகம் காட்டும். அங்கே ஒவ்வொரு ஹெட்டும் ஒன்று விட்டு ஒன்றான வரிகளில் பாதிப் படத்தை எழுதும். ஒன்று அடைத்தால் படம் வெடவெடக்கும், மேலே புள்ளி புள்ளியாய் ஏறும். “படத்துல மழை பெய்யுது” என்று கடைக்காரரிடம் சொன்னோமே, அதுதான். அனலாக் கொஞ்சம் தேய்ந்தாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு நீலத்திரை.

கேமராவைத் திறக்கும் முன் இரண்டு சோதனை போதும். ஒன்று, கேசட் இல்லாமல் கேமராவைச் சன்னல் பக்கம் காட்டுங்கள். திரை கருத்தோ ஊதாவாகக் கலங்கியோ தெரிந்து, பழைய கேசட் மட்டும் நன்றாக ஓடினால், நாடாப் பகுதி நிரபராதி. கோளாறு ஒளியைப் படமாக்கும் சிசிடி சிப்பில். 2000களின் தொடக்கத்தில் செய்த சில சிப்புகளில் உட்கம்பி இணைப்பு வெப்பத்திலும் ஈரத்திலும் விட்டுப்போவது 2005இல் தெரியவந்து, சோனி, கேனான் போன்ற நிறுவனங்கள் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்தச் சலுகைக் காலமெல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டாவது, வேண்டாத கேசட் ஒன்றில் ஒரு நிமிடம் புதிதாகப் பதிந்து ஓட்டுங்கள். அதிலும் பட்டை வந்தால் ஹெட் அழுக்கு. புதியது பளிச்சென்றும் பழையது மட்டும் பட்டையாகவும் இருந்தால், அன்று பதியும்போதே ஹெட் அடைத்திருக்கலாம். எழுதாததை எந்தக் கடைக்காரரும் படிக்க முடியாது.

விஎச்எஸ், 8 எம்எம் கேமராக்களில் படத்தின் மேல் ஓரமோ கீழ் ஓரமோ மட்டும் எப்போதும் கலைந்தால், நாடாவை வழிநடத்தும் கம்பங்கள் இடம் மாறியிருக்கும். இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். அந்தக் கோணலோடு எழுதிய நாடா அந்தக் கோணல் கேமராவில்தான் ஒழுங்காக ஓடும். கேமராவை நேராக்கிவிட்டால் பழைய கேசட்டெல்லாம் கலையும். முதலில் பிரதி, அப்புறம் ரிப்பேர்.

என் கேமராவுக்கு உலர் கிளீனிங் கேசட்டே போதுமாக இருந்தது. பத்து நொடி, இரண்டு முறை. அதற்கு மேல் ஓட்டினால் ஹெட்டே தேய்ந்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளே விடவே வேண்டாம். நூல் சிக்கி ஹெட்டின் முனை உடையும். குளிரூட்டிய அறையிலிருந்து புழுக்கத்துக்குக் கொண்டுபோனால் டிரம்மில் நீர் கோக்கும். கேமரா ஈர எச்சரிக்கை காட்டினால் கேசட் மூடியைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் சும்மா விடுங்கள்.

பன்னிரண்டு பட்டைகளும் சேர்ந்து அசைந்தன. ஒரு மணி நேரக் கேசட் ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கணினியில் ஏறியபோது 13 ஜிபி ஆனது. அத்தான் மூன்று முறை பார்த்துவிட்டார்.

உங்கள் அலமாரியிலும் கேசட் இருந்தால், போடும் முன் அதன் சன்னல் வழியே வெளிச்சத்தில் பாருங்கள். சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை நல்ல கேமராவில் போடாதீர்கள். அடுத்து ஓடும் கேசட்டுக்கும் அது தொற்றும்.