கரப்புடுப்பும் கணினி ஓவியமும்

ஆடை உடலை மறைப்பதற்கும் காப்பதற்கும் எழுந்தது என்பர். அது முழு உண்மையன்று. உடலின் வடிவையே மாற்றிக் காட்டுதற்கு எழுந்த ஆடைகளும் உள. யப்பானிய ஆடைக்கலைஞர் ரெய் கவகுபோ 1997ஆம் ஆண்டு வேனிற்காலத்துக்கென ஆக்கிய ஆடைகளில், சாதாரணக் கட்டத்துணியினுள்ளே முதுகிலும் இடையிலும் தோளிலும் பஞ்சணை போன்ற பொதிகள் வைக்கப்பட்டிருந்தன. அழகெனப் பழகிய உருவம் குலைந்தது; கண்டோர் திகைத்தனர். அவ்வாண்டிலேயே அமெரிக்க நடனக்கலைஞர் மேர்ஸ் கனிங்காம் தமது 'சினாரியோ' என்னும் ஆடலுக்கு அவரைக்கொண்டே உடை அமைப்பித்தார். அசையும் உடலிலேதான் அவ்வாடையின் பொருள் முற்றாக விளங்கிற்று.

இத்தகையோரின் பெயர்கள் இன்று வேறொரு தொழிலையும் ஆற்றுகின்றன. செயற்கை நுண்ணறிவினாற் படம் ஆக்குவோர், வேண்டிய காட்சியைச் சொல்லி ஈற்றில் ஓர் ஆடைக்கலைஞரின் பெயரைச் சேர்க்க, பொறி அவர் பாணியை ஒத்ததொன்றைத் தருகின்றது. கலைஞரின் இசைவு கேட்கப்படுவதில்லை என்பது தனி வழக்கு. பொறி பாணியை எங்ஙனம் அறிந்தது? பயிற்சியின்போது படங்களிற் புள்ளிக்குழப்பம் சிறிது சிறிதாகக் கலக்கப்படும்; அதனை நீக்கி உருவத்தை மீட்கும் வழியைப் பொறி பயிலும். எச்சொல்லோடு எவ்வுருவம் வருகின்றது என்பதும் உடன் பதியும். ஆகவே சொல்லில்லாத உருவம் அழைத்தால் வாராது. 2022இல் வெளியான 'லயன்-5பி' என்னும் தொகுதி 585 கோடி படங்களை அவற்றின் விளக்கச் சொற்களோடு இணைத்தது. அவற்றுள் ஆங்கில விளக்கமுடையவை மட்டும் 232 கோடி. தமிழ் உட்பட நூற்றுக்கு மேற்பட்ட ஏனைய மொழிகள் யாவும் சேர்ந்து 226 கோடி. எஞ்சியவற்றின் மொழி துணியப்படவில்லை.

இனி நம் நாட்டுக் கூத்தை நோக்குவோம். மட்டக்களப்பு வடமோடிக் கூத்தில் அரசர் அணியும் கரப்புடுப்பு, கோழிக்குஞ்சை மூடும் கரப்பைப்போல இடையின்கீழ் அகன்று நிற்பது. வட்டக்களரியில் ஆடுவோன் சுழல, உடுப்பும் உடன் சுழலும். சுற்றியிருப்போர் எத்திசையினின்றும் அரசனை அரசனாகக் காண்பர். உடலின் உருவை மாற்றும் துணிவிற் கவகுபோவின் ஆடைக்கு இஃது எவ்வாற்றானும் குறைந்ததன்று. ஆயினும் அவர் பெயரைப் பொறி அறியும். கரப்புடுப்பு என்னும் சொல்லை அறியும் என எதிர்பார்த்தற்கில்லை.

முல்லைத்தீவிற் கோவலன் கூத்துக்கு அழைப்பிதழ் ஆக்கும் மாணவன் ஒருவன் இப்பொறியை நாடின், கதகளி உடையோ வடஇந்திய அரசவை உடையோ வந்து நிற்றல் கூடும். அவன் அதனைக் கோவலன் என அச்சிடுவானாயின், அடுத்த தலைமுறை அதனையே நம்பும்.

இதற்கு ஒரு மாற்று வழி உண்டு. மிட்ஜேர்னி என்னும் பொறி 2024 பெப்ரவரி முதல், பெயருக்குப் பதிலாக ஒரு படத்தையே பாணிக்கு மாதிரியாகக் கொடுக்க இடமளித்தது. கூத்துடுப்பின் நிழற்படத்தைக் கொடுத்தால் நிறமும் மினுக்கமும் ஒளியும் பெரும்பாலும் வந்துசேரும். உடுப்பின் கட்டு வாராது. எது பிரம்பு, எது துணி, எங்கே முடிச்சு என்பதைப் பொறி அறியாது. தைக்கவே இயலாத உடுப்பை அது அழகாக வரைந்துவிடும்.

அன்றியும், மாதிரியாகக் கொடுக்க நிழற்படம் வேண்டுமே! 2009இல் முடிந்த போரில் ஊர்விட்டு ஊர் பெயர்ந்த வன்னி மக்களுள் வீட்டு நிழற்படங்களையும் இழந்தோர் பலர். எஞ்சியவற்றையும் இனி எடுப்பனவற்றையும் 2005 முதல் ஈழத்து ஆவணங்களைத் தொகுத்துவரும் நூலகம் போன்ற எண்ணிமச் சேகரங்களிற் சேர்க்கும்போது, படத்தின்கீழ் 'மரபு உடை' என்று மட்டும் எழுதுதல் போதாது. கூத்தின் பெயர், ஊர், ஆண்டு, உடுப்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் அண்ணாவியார் வழங்கும் சொல், இசைவு பெற்று உடுப்புக் கட்டியவர் பெயர் ஆகியன தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதப்படல் வேண்டும்.