கிழிந்த வலையும் ஒரு பழைய வசனமும்

மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டர் "திருவிடந்தையெல்லாம் இறங்கு" என்று குரல் கொடுக்கும்போது, அந்தப் பெயருக்குள் ஒரு தாயார் இருப்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. வராகப் பெருமாள் தாயாரை இடப்பக்கம் ஏந்தி நிற்கும் தலம் இது. திரு, இட, எந்தை. திருமங்கையாழ்வார் பாடிய திருவிடவெந்தை. கல்யாணம் கூடிவர வேண்டும் என்று மாலையோடு வருகிறவர்களில் பலருக்கும் அது வெறும் ஊர்ப்பெயர். தினமும் வாயில் புழங்கும் சொல் காதில் விழுவதே இல்லை.

வேத வசனங்களுக்கும் இதே கதிதான். காலண்டரில், கல்யாணப் பத்திரிகையில், ஆட்டோவின் முதுகில் என்று பார்த்துப் பார்த்து மனப்பாடமாகிவிடும். மனப்பாடமானதை யார் மறுபடி வாசிக்கிறார்கள்?

திருவிடந்தைக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் கோவளம். கார்மேல் மாதா கோயிலைத் தாண்டிக் கடற்கரைக்குப் போனால், கரையேற்றிய ஃபைபர் படகுகளின் நிழலில் வலை சரிசெய்பவர்களைப் பார்க்கலாம். ஒரு கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார்கள். நண்டு கடித்தோ பாறையில் சிக்கியோ விழுந்த கிழிசல். உடனே ஊசியை எடுப்பார்கள் என்று நினைத்தேன். எடுத்தது கத்தியை. பிய்ந்து தொங்கும் நூல்களை நறுக்கி, கிழிசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார்கள். ஓரம் ஒழுங்காக நின்றால்தான் புதுக் கண்கள் பழைய கண்களோடு அளவு ஒத்துச் சேரும். அவசரப்பட்டு இழுத்துக் கட்டினால் அந்த இடம் சுருங்கும்; அடுத்த கிழிசலும் அங்கேயேதான் விழும்.

மத்தேயு நான்காம் அதிகாரத்தில் யாக்கோபும் யோவானும் தகப்பன் செபெதேயுவோடு படவில் இருந்து செய்துகொண்டிருந்தது இதே வேலை. இயேசு கூப்பிட்டதும் எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள் என்பதைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருப்போம். எந்த வேலையை விட்டுப் போனார்கள் என்பதைப் பற்றி ஒன்றாவது கேட்டதுண்டா?

அந்த இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் வினைச்சொல் 'கடார்ட்டிசோ'. பழுதானதைத் திரும்பப் பயன்படும்படி ஆக்குவது. கிரேக்க வைத்தியர்கள் மூட்டு விலகியதைச் சரிசெய்வதற்கும் இந்தச் சொல்லையே வைத்திருந்தார்கள். பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, குற்றத்தில் அகப்பட்டவனைச் சாந்தத்தோடு திருத்தி நிறுத்தச் சொல்கிறாரே, ஆறாம் அதிகாரம் முதல் வசனம், அங்கேயும் இதே வினைதான். தமிழில் ஒன்று 'பழுதுபார்த்தல்', மற்றொன்று 'சீர்பொருந்தப்பண்ணுதல்' என்று பிரிந்துவிட்டதால், ஒன்றை வாசிக்கும்போது மற்றது நினைவுக்கு வர வழியில்லை. இதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்லக் கூடாது. வலையைச் சீர்பொருந்தப்பண்ணினார்கள் என்று எழுதினால் கோவளத்துக்காரர்கள் சிரிப்பார்கள்.

உண்மையில் அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கடற்கரைக் காது இருந்தது. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15இல் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியதிலிருந்து தமிழ் வேதாகமம் எத்தனையோ கைகள் மாறியிருக்கிறது. கடவுளுக்கான சொல்லே சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என்று மாறி வந்திருக்கிறது. போவர் தலைமையில் 1871இல் முடிந்த மொழிபெயர்ப்பில், புயல் அடிக்கும்போது இயேசு தூங்கும் இடம், அதாவது படகின் பின்பகுதி, 'பின்னணியம்'. இன்றைய பிள்ளைகளுக்கு அது பின்னணிப் பாடகரைத்தான் நினைவூட்டும். கரையில் போய்க் கேளுங்கள்: படகின் முன்முனைக்கு இன்றும் 'அணியம்' என்றுதான் பெயர். புரியாத பழந்தமிழ் என்று நாம் தள்ளிவைத்த சொல், மீன்காரர்கள் வாயில் உயிரோடு இருக்கிறது. திருத்தப் பதிப்புகளை நான் எதிர்க்கவில்லை. 1995இல் வந்த திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பழையதை வாசிக்கிறேன். இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் கண் நிற்கிறது.

கலாத்தியர் வசனத்துக்கே திரும்புவோம். சபைகளில் தவறிப்போனவரை நாம் நடத்தும் விதம் தெரிந்ததுதான். ஒன்று, வலையையே தூக்கி எறிவோம். இல்லையென்றால் கிழிசலைப் பார்க்காததுபோல் ஒரு முடிச்சுப் போட்டு மூடிவிடுவோம். அந்த வசனத்தை எத்தனையோ முறை ஒப்பித்தவன் நான். சாந்தத்தோடு என்ற சொல்லுக்கு, நிதானமாகக் கத்தி பிடிக்கும் அந்தக் கை ஞாபகத்துக்கு வந்தது கோவளத்துக்குப் போன பிறகுதான்.

அந்தப் பக்கம் போகிறவர்கள் கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டுப் போங்கள். வலை கட்டுகிறவர்களிடம் வசனம் எதுவும் சொல்ல வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் அவர்களுக்கு வேலை முடிய வேண்டும்.